துக்க வீட்டு வலம்புரி

துடியலூர் சென்னகிருஷ்ணனுக்கு இளகிய மனசு. யார் செத்தாலும் அவருக்குத் தாங்காது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பாகுபாடெல்லாம் அவரிடம் கிடையாது. காலையில் பேப்பர் வந்ததும், நாடு எக்கேடு கெட்டால் என்ன என்று முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வரும் பக்கத்தைத்தான் விரிப்பார். படத்தில் இருப்பவருக்கு வயசு என்ன, வீடு எந்த ஊர், பிள்ளைகள் எந்தத் தேசம் என்று பார்ப்பார். பழுத்த வயசு, பழைய வீடு, பிள்ளைகள் அமெரிக்காவில் என்று எல்லாம் கூடி வந்துவிட்டால் அன்றைக்குக் காபி தனி ருசியாக இருக்கும். குளித்து முடித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்.

பம்ப்செட் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளைக் கண்டால் கை நீளும் வியாதி அங்கேயே பிடித்திருக்க வேண்டும். வீட்டு ஹாலில் பித்தளை அண்டாக்கள், பீங்கான் ஜாடிகள், பெட்டி இல்லாத கிராமபோன் புனல், புனல் இல்லாத கிராமபோன் பெட்டி. சுவரெல்லாம் பெண்டுலம் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். மணி தெரிய வேண்டுமென்றால் அவர் மனைவி செவ்வந்தி செல்போனைத்தான் பார்ப்பாள். ஆனால் ஒன்று, அந்த மனுஷனின் சந்தோஷத்தில் மட்டும் பொய் கிடையாது. மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது, கறுத்துப்போன கும்பா ஒன்றை மடியில் வைத்துப் புளி போட்டுத் தேய்ப்பார். அடியில் யாரோ என்றோ வெட்டிய பெயர் மெல்ல வெளியே வரும். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் செவ்வந்திக்கே திட்ட மனசு வராது. சாயங்காலம் சேர்த்து வைத்துத் திட்டிக்கொள்வாள்.

துக்கம் விசாரிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதல் நடையில் கண் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். "நல்ல மனுசனுங்க" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், பெருமூச்சுக்கு நடுவே பரண் வரைக்கும் பார்த்துவிடலாம். இரண்டாம் நடையில் அந்த வீட்டுக்காரர்களே பழைய சாமான்களைப் பற்றிப் பேசும்படி பேச்சை ஓட்ட வேண்டும். மூன்றாம் நடையில்தான், குரல் கம்ம, "ஞாபகார்த்தமா ஏதாச்சும் ஒண்ணு குடுத்தீங்கன்னா" என்று இழுக்க வேண்டும். இழவு வீட்டில் மூச்சுவிட நேரமில்லாத பிள்ளைகள் அண்டாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இவ்வளவு பாசக்கார சிநேகிதர் அப்பாவுக்கு இருந்தாரா என்று கண் கலங்குவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, கிளம்பும்போது வாயைத் திறக்கக் கூடாது. கொங்கு நாட்டில் பெட்டிக்கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தால்கூட "வாரேனுங்க" என்று சொல்லாமல் யாரும் நகர மாட்டார்கள். துக்க வீட்டில் மட்டும் அது ஆகாது. எழுந்து, துண்டை உதறி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட வேண்டும். சென்னகிருஷ்ணனுக்கு அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரை வரும். பாவம், அவர் நிஜமாகவே திரும்பி வரப்போகிறவர் அல்லவா. ஆனாலும் இதுவரை ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை.

இந்தக் கலையில் அவருக்குச் சமானமாக ஒரே ஒருவர்தான் இருந்தார். கோவை ராமநாதபுரம் ஜெரோம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இவரைப் போலவே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருப்பவர். இரண்டு பேரும் ஒரே துக்க வீட்டில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே குத்துவிளக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரு நாளில்தான் பழக்கம் ஆரம்பித்தது. பிறகு பெரிய மனுஷர்களாக உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டுச் சாவுகள் சென்னகிருஷ்ணனுக்கு. பொள்ளாச்சி ரோட்டுச் சாவுகள் ஜெரோமுக்கு. அவிநாசி ரோடு, முந்தினவருக்கு.

இவ்வளவு சேர்த்தும் சென்னகிருஷ்ணனுக்கு ஒரு குறை. ஹாலின் நடுவில் இருக்கும் கண்ணாடி அலமாரியில், சிவப்பு வெல்வெட் துணி மேல், ஒரு வெள்ளித் தாங்கி காலியாக நின்றது. ஆர்.எஸ்.புரம் வெள்ளிக் கடையில் சொல்லிச் செய்தது. வலம்புரிச் சங்குக்கென்று செய்தது. சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் திறந்திருக்கும், வலம்புரிக்கு வலப்பக்கம். லட்சத்தில் ஒன்றுதான் அப்படிப் பிறக்கும் என்பார்கள். கடையில் வாங்கினால் போலியைத் தலையில் கட்டிவிடுவான், அதனால் பரம்பரையாக ஒரு வீட்டில் இருந்ததுதான் வேண்டும் என்று பல வருஷமாகக் காத்திருந்தார். வருகிறவர்கள் "இதென்னங்க, காலியா இருக்குது?" என்று கேட்டால் "வருமுங்க" என்பார். செவ்வந்தி அதன் மேல் அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையை வைத்திருந்தாள்.

"இதுக்குன்னே செஞ்சாப்பல இருக்குதுங்க. கரெக்டா நிக்குது" என்பாள்.

அப்படி இருக்கையில், பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அவர் கண்ணில் பட்டது. வெள்ளியங்கிரி என்று பெயர். தேங்காய் நார் மில்லில் எலக்ட்ரீசியனாம். வலது கன்னத்தில் மிளகு அளவு மச்சம், முகம் கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்பையெல்லாம் யார் பார்த்தார்கள்? சென்னகிருஷ்ணன் பார்த்தது வெள்ளியங்கிரியின் காதுக்குப் பின்னால். அங்கே ஒரு கண்ணாடி பீரோ, பீரோ நிறையச் சிப்பியும் சோழியும், மேல் தட்டில் நடுநாயகமாக ஒரு வெள்ளைச் சங்கு. வாய் வலப்பக்கம் திறந்திருந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. பொள்ளாச்சி ரோடு ஜெரோமுடையது என்பது ஞாபகம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. செத்தவருக்கு ஏது ரோடு?

மறுநாள் வெள்ளைச் சட்டையோடு அந்த வீட்டில் இருந்தார். சின்ன வீடு. வெள்ளியங்கிரியின் மனைவி பாவாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகன் பிரவின்குமார் ஃபோனும் காதுமாக நடந்துகொண்டிருந்தான். பீரோ இருந்தது. ஆனால் ஃபிரீசர் பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று அதைத் திருப்பி, கண்ணாடி சுவரைப் பார்க்க ஒட்டி வைத்துவிட்டிருந்தார்கள். பெட்டி போன பிறகும் பீரோவைத் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. சென்னகிருஷ்ணன் அதன் பிளைவுட் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வாழ்க்கையிலேயே அதுதான் அவர் விட்ட உண்மையான பெருமூச்சு.

"நீங்க யாருங்க, அடையாளம் தெரியலீங்களே" என்றாள் பாவாத்தாள்.

"சிநேகிதனுங்க. ராமேஸ்வரத்துல பழக்கம். ரெண்டு பேரும் ஒண்ணா கடற்கரையில சிப்பி பொறுக்குவோம்."

"அவரு கடலையே பார்த்ததில்லைங்களே" என்றாள் பாவாத்தாள் சாதாரணமாக. "பஸ்ஸுல ஏறுனா வாந்தி. பொள்ளாச்சி தாண்ட மாட்டாருங்க. ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு ஊர்ல ஆரு போனாலும் எனக்கொரு சிப்பி கொண்டாங்கம்பாரு. அப்படிச் சேர்ந்ததுங்க அத்தனையும்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே செருப்பைத் தேடியிருப்பார்கள். சென்னகிருஷ்ணன் இருபது வருஷம் சப்ளையர்களிடம் பேசித் தேறியவர். "ஃபோன்லதானுங்க பேசிக்குவோம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ராமேஸ்வரத்துல நின்னு பேசுவேன், அவரு இங்கிருந்து கேப்பாரு. ஒரே ஒருக்கா நேர்ல பார்த்தேன். அந்தச் சிரிப்பும் வலது கன்னத்து மச்சமும் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க."

பாவாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படிங்களா" என்றாள்.

கொங்குத் தமிழில் அப்படிங்களா என்ற ஒரு சொல்லுக்கு எத்தனையோ அர்த்தம். மரியாதை உண்டு, ஆச்சரியம் உண்டு, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன் என்பதும் உண்டு. சென்னகிருஷ்ணன் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டார். எழுந்து, துண்டை உதறி, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார்.

இரண்டாம் நடையிலும் பீரோ சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாவாத்தாள் அன்றைக்கு நிறையப் பேசினாள். ஊதா நிறச் சிப்பி பால் சொசைட்டிக்காரர் அவருடைய அம்மா அஸ்தியைக் கரைக்கப் போனபோது கொண்டு வந்தது. முள்ளு முள்ளாக இருக்கும் சங்கு, ஸ்கூல் டீச்சர் தேனிலவு போனபோது கொண்டு வந்தது. ஒரு சோழியைச் சொந்தக்காரப் பையன் ஒருத்தன், பரீட்சையில் ஃபெயிலாகி ஊரை விட்டு ஓடித் தூத்துக்குடி வரைக்கும் போனவன், திரும்பி வரும்போது மறக்காமல் எடுத்து வந்தானாம். ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது, கதை இருந்தது. சென்னகிருஷ்ணன் உச் கொட்டினார், தலையாட்டினார், ஒரு கதையையும் காதில் வாங்கவில்லை. அந்தப் பெரிய சங்கைப் பற்றி எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தார். அவளோ அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. விலைமதிப்பில்லாததைப் பற்றி யார்தான் வெளியாளிடம் பேசுவார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வெள்ளித் தாங்கியின் மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துவிட்டு, தாங்கியைப் பற்பொடி போட்டுத் துலக்கினார். செவ்வந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மாத்திரையைத் தின்னுபோட்டுத் தொலக்குங்க. சங்கு வர்ற வரைக்கும் ஆளு இருக்கோணுமல்ல."

கருமாதி நாள் வந்தது. சென்னகிருஷ்ணன் அன்றைக்கு ஒரு முழுச் சாமந்தி மாலையோடு போனார். பெரிய பொருளென்றால் மாலையும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வீடு நிறைய உறம்பரைகள், சொந்தபந்தங்கள். இலை போடுவதற்கு இடம் காணாமல், பிரவின்குமாரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பீரோவை வாசல் ஓரமாக இழுத்து, ஒரு வழியாகத் திருப்பினார்கள். கண்ணாடியில் காலை வெயில் அடித்தது.

சென்னகிருஷ்ணன் மாலையோடு கிட்டே போனார். மேல் தட்டில் சங்கு இருந்தது. நல்ல பெரிய, பால்போல வெள்ளைச் சங்கு. வாய் இடப்பக்கம் திறந்திருந்தது.

தலையை அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். சங்கு மாறவில்லை. ஜெரோம்தான் முந்தி வந்து மாற்றி வைத்துவிட்டான் என்று முதலில் நினைத்தார். மனசுக்குள் ஜெரோமை என்னென்னவோ திட்டினார், அதிலே நியாயமும் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. திருட்டு என்றால் அவருக்கு ஆகாது. அப்போது பக்கத்தில் பாவாத்தாள் மகனிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"ஃபிரேம் போடறதுக்காச்சும் வேற போட்டோவைக் குடு கண்ணு. பஸ் ஸ்டாப்புல வெச்சது அப்பனாட்டமே இல்லை. மச்சம் இடது கன்னத்துலதான, அதுல வலது கன்னத்துல வந்திருக்குது பாரு."

"அது அப்பா எடுத்த செல்ஃபிம்மா. பழைய ஃபோனு. அதுல எடுத்தா எல்லாம் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடம் வலமாத்தான் விழுகும்" என்றான் பிரவின்குமார்.

சென்னகிருஷ்ணனுக்குப் பொக்கென்று போய்விட்டது. மச்சம் வலமானால் சங்கும் வலம். அவ்வளவுதான் விஷயம். ராமேஸ்வரம் போனால் கூடை கூடையாகக் கிடைக்கும் சங்கு. அதற்காக எத்தனை பெருமூச்சு, எத்தனை பொய், எவ்வளவு பெரிய மாலை. காலியான அந்த வெள்ளித் தாங்கி கண் முன்னால் வந்து நின்றது. இனிமேல் அது காலியாகத்தான் இருக்கப்போகிறது, தன் வயசுக்கு இன்னொரு வலம்புரி வரப்போவதில்லை என்று அந்த வினாடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பீரோவில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். தோள் குலுங்க, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைபோல அழுதார். இத்தனை துக்க வீடு பார்த்தவர் நிஜமாக அழுதது அதுதான் முதல் தடவை.

பந்தி அப்படியே நின்றுவிட்டது. இலையில் கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள். யாரோ ஒரு பெரியவர் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, "தேத்திக்குங்க, தேத்திக்குங்க" என்றார். ஒரு பெண் விசிறினாள். "சிநேகிதம்னா இப்படி இருக்கோணும்" என்று யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு பாவாத்தாள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க அவரைப் பார்த்ததே இல்லைன்னு எனக்கு மொத நாளே தெரியுமுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "மச்சத்தை வலது கன்னத்துல சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. பழைய சாமான் கேக்க வந்திருக்கறீங்கன்னுதான் இருந்தேன். ஆனா எம் மகனே அழுவலீங்க. கூடப் பொறந்தவங்க அழுவல. இந்தக் குப்பையை எப்ப வெளிய போடறீங்கன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. நீங்க இந்தப் பீரோவைப் பார்த்துட்டு அப்படி அழுதீங்க. அவரு சேர்த்ததுக்கும் அழுக ஒருத்தர் இருக்கறாங்கன்னு மனசு ஆறிப்போச்சு. அத்தனையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க."

வேண்டாம் என்று சொல்ல சென்னகிருஷ்ணனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் எதற்கு அழுதேன் என்று சொல்ல வேண்டும். பிரவின்குமார் அதற்குள் ஒரு டாட்டா ஏஸைக் கூப்பிட்டுவிட்டான். அவனுக்கு ஹாலில் ஏசி மாட்ட இடம் வேண்டியிருந்தது.

துடியலூரில் வண்டி வந்து நின்றதும் செவ்வந்தி வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஹாலில் சுவரோரம் இடமே இல்லை. பீரோ படுக்கையறைக்குப் போனது, படுக்கையறைக் கட்டில் ஹால் நடுவே கண்ணாடி அலமாரியை ஒட்டி வந்தது. சங்கைக் கையில் எடுத்த செவ்வந்தி, அவர் தடுப்பதற்குள் அதை வெள்ளித் தாங்கியில் வைத்துவிட்டாள். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

"இதுதானுங்களே கேட்டுட்டு இருந்தீங்க?" என்றாள்.

அவர் தாங்கியைப் பார்க்காமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அன்றைக்குச் சாயங்காலமே தலை சுற்றியது. டாக்டர் வந்து பார்த்து, பிரஷர் தாறுமாறாக ஏறியிருக்கிறது, எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னகிருஷ்ணன் ஹால் கட்டிலில், சங்குக்கு நேர் கீழே படுத்துக்கொண்டார். படுத்திருந்த நாட்களில் செவ்வந்தியை விட்டுப் பீரோவிலிருந்து ஒவ்வொரு சிப்பியாக எடுத்து வரச் சொல்லிக் கையில் வைத்துப் பார்த்தார். ஊதாச் சிப்பி யார் கொண்டு வந்தது? பால் சொசைட்டிக்காரரா, டீச்சரா? ஓடிப்போன பையனின் சோழி இதில் எது? பாவாத்தாள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஒன்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. கேட்காமல் விட்டோமே என்று வெசனமாக இருந்தது. பீரோ நிறையச் சிப்பி வந்து சேர்ந்துவிட்டது, அதில் இருந்த ஆட்கள் யாரும் கூட வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. பொள்ளாச்சி ரோட்டு விஷயத்தில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று சென்னகிருஷ்ணன் பயந்திருந்தார். ஜெரோம் அப்படி ஒன்றும் செய்யவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிணத்துக்கடவு போனீங்களாமா, கேள்விப்பட்டனுங்க" என்றார் சாந்தமாக. "அந்த ஃபிளெக்ஸை நானும் பார்த்தேன். சட்டைப் பாக்கெட்டு வலது பக்கம் இருந்துச்சு. செல்ஃபின்னு விட்டுட்டேன்."

சென்னகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோதுதான் அவர் கவனித்தார். ஜெரோம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையாத, துக்க வீட்டுக்கென்றே வைத்திருக்கும் அதே சட்டை. ஜெரோமின் கண் அண்டாவில் இருந்தது, அங்கிருந்து பீங்கான் ஜாடிக்கு வந்தது, ஜாடியிலிருந்து கடிகாரங்களுக்குப் போனது, பரணையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செவ்வந்தியிடம் வந்து நின்றது.

"நல்ல மனுசனுங்க" என்றார் ஜெரோம் அவளிடம், ஒரு பெருமூச்சோடு.

முதல் நடை. சென்னகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. நிஜமாகவே பயந்துபோனார்.

"படுத்திருங்க, படுத்திருங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்க. ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று ஜெரோம் அவர் தலையணைக்குப் பக்கத்தில் குனிந்து கையை நீட்டி ஃபோனைப் பிடித்தார். எடுத்ததும் படத்தைக் காட்டினார். "நல்லா வந்திருக்குதுங்க. தெளிவா இருக்குது. பெருசு பண்ணுனாலும் கலங்காது."

சென்னகிருஷ்ணன் பார்த்தார். சுருங்கிய தன் முகம். வலது பக்கம் பாக்கெட் வைத்த சட்டை. தலைக்கு மேலே வெள்ளித் தாங்கியில் பால்போல ஒரு சங்கு, வாய் வலப்பக்கம் திறந்திருந்தது. அப்பழுக்கில்லாத வலம்புரி.

ஜெரோம் ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தார். செவ்வந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். தோள் துண்டை ஒரு தடவை உதறினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"இதென்னங்க இது, ஒரு வார்த்தை சொல்லாமயே போறாரு" என்றாள் செவ்வந்தி.

"ஜெரோமு" என்று கூப்பிட்டார் சென்னகிருஷ்ணன். குரல் எழும்பவில்லை. "ஜெரோமு, வாரேன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.